தத்தார் மொழியும் அதன் மொழிபெயர்ப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கசானிலிருந்து வந்த சான்றிதழ் ஒன்று என்னிடம் உள்ளது. அது தத்தார் மொழியில்தான் இருக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. கசான், ரஷ்யக் கூட்டமைப்பில் அடங்கிய தத்தார்ஸ்தான் குடியரசின் தலைநகர். அங்கே ரஷ்யமும் தத்தாரும் அரசு மொழிகள் என்றாலும், வெளிநாட்டவர் கைக்கு வரும் மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ், மருத்துவ அறிக்கை, வங்கிக் கடிதம் ஆகியவை ஏறக்குறைய எப்போதுமே ரஷ்யத்தில்தான் எழுதப்படுகின்றன. சில குடிமைச் சான்றிதழ்களிலும் அலுவலக முத்திரைகளிலும் இரு மொழிகளும் அடுத்தடுத்து இடம்பெறும். அந்த ஆவணங்களுக்கு ரஷ்ய மொழிபெயர்ப்பாளரே போதும். தத்தார் பகுதி அதே செய்தியைத் திரும்பச் சொல்வதால், மொழிபெயர்ப்பின் அடியில் "இதே உள்ளடக்கம் தத்தார் மொழியிலும் தரப்பட்டுள்ளது" என்று ஒரு குறிப்பு எழுதுவது வழக்கம்.

உறுதி செய்துகொள்ள எழுத்துகளைப் பாருங்கள். இரண்டும் சிரிலிக் எழுத்தில்தான் எழுதப்படுகின்றன. ஆனால் ரஷ்யத்தின் 33 எழுத்துகளோடு தத்தார் மேலும் ஆறு எழுத்துகளைச் சேர்த்து 39 ஆக வைத்திருக்கிறது. ஆங்கிலச் சிறிய 'ஈ' தலைகீழாகக் கவிழ்ந்தது போன்ற எழுத்தும், நடுவே குறுக்குக் கோடு ஓடும் வட்டமும் ஒரு பக்கத்தில் அடிக்கடி தென்பட்டால் அது ரஷ்யம் அல்ல. ஆனால் அதை வைத்து மட்டும் தத்தார் என்று முடிவுகட்டவும் கூடாது, ஏனெனில் பாஷ்கிர், கசாக் மொழிகளிலும் இவ்விரண்டும் உண்டு. வாலுடைய 'சீ' வடிவமும் வாலுடைய மூன்று போன்ற வடிவமும் இருந்தால் அது பாஷ்கிர். 'ஜ' ஒலிக்குரிய, வலக்கால் கீழே நீண்ட பூச்சி வடிவ எழுத்து இருந்தால் தத்தார் என்று கருத நல்ல காரணம் உண்டு, ஏனெனில் பாஷ்கிரிலும் கசாக்கிலும் அந்த எழுத்து இல்லை. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்யாமல் தவறான மொழிக்கு ஆள் தேடி ஒரு வாரத்தை இழப்பவர்கள் பலர்.

தத்தார் எந்த மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது? எத்தனை பேர் பேசுகிறார்கள்?

அது துருக்கிய மொழிக்குடும்பத்தின் கிப்சாக் கிளையைச் சேர்ந்தது. பாஷ்கிர் மொழி அதற்கு மிக நெருங்கிய உறவு. கசாக், கிர்கிஸ் முதலியவை அதே கிளையில் சற்றுத் தள்ளி நிற்பவை. துருக்கி நாட்டின் மொழி ஒகுஸ் என்னும் வேறு கிளை என்பதால், துருக்கி மொழி அறிந்தவர் தத்தார் உரையில் பல சொற்களை அடையாளம் காண்பாரே தவிர, அதை நம்பகமாக மொழிபெயர்க்க இயலாது.

ரஷ்யாவில் ரஷ்யருக்கு அடுத்த பெரிய இனக்குழு தத்தார்கள். 2010ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 53 லட்சம் பேர் தம்மைத் தத்தார் என்று பதிவு செய்தார்கள். தத்தார் மொழி தெரியும் என்று கூறியவர்கள் சுமார் 43 லட்சம். 2021ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் இவை முறையே சுமார் 47 லட்சமாகவும் 33 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகவும் இறங்கியுள்ளன. கணக்கெடுப்பு முறையிலேயே குறை உண்டு என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். ஆயினும் பேசுவோர் தொகை இனத்தொகையை விட விரைவாகக் குறைவதை இந்த எண்கள் மறைக்கவில்லை. தத்தார்ஸ்தானின் சுமார் 40 லட்சம் மக்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் தத்தார்கள். ஏனைய தத்தார்கள் பாஷ்கோர்தஸ்தான், சைபீரியா, உரால் பகுதி, மாஸ்கோ, மத்திய ஆசிய நாடுகள், துருக்கி, சீனாவின் ஷின்ஜியாங் எனப் பரவி வாழ்கிறார்கள். பின்லாந்தில் ஆயிரத்துக்கும் குறைவான ஒரு சிறு சமூகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் குடியேறி, இன்றளவும் தத்தாரை லத்தீன் எழுத்தில் எழுதி வருகிறது.

இந்த மொழியின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூற முடியுமா?

வோல்கா ஆற்றங்கரையில் இருந்த பல்கார் அரசு 922இல் இஸ்லாத்தை ஏற்றது. அப்போது வந்து சேர்ந்த அரபு எழுத்து ஆயிரம் ஆண்டுகள் அங்கே நிலைத்தது. மங்கோலியர் படையெடுப்புக்குப் பின் அப்பகுதி தங்கக் கூட்டம் எனப்படும் அரசின் கீழ் வந்தது. அது சிதைந்தபோது பதினைந்தாம் நூற்றாண்டில் கான் எனப்படும் மன்னர்கள் ஆண்ட கசான் அரசு எழுந்தது. 1552இல் ரஷ்ய மன்னர் நான்காம் இவான் கசானைக் கைப்பற்றியது தத்தார் வரலாற்றின் பெருந்திருப்பம். அதன் பிறகு அரசு இல்லாத மொழியாகத் தத்தார் நீடித்தது. மசூதியும் மதரசாவும் வணிகர் வீடுகளும் அதைக் காத்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கசானில் அரபு எழுத்து அச்சகம் இயங்கத் தொடங்கியதும், 1804இல் கசான் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதும் நூல் வெளியீட்டுக்கு வேகம் கொடுத்தன. அதுவரை எழுத்தில் வழங்கியது அரபும் பாரசீகமும் மிகுதியாகக் கலந்த ஒரு பொதுத் துருக்கிய நடை. மக்கள் பேச்சை ஏட்டுக்குக் கொண்டுவர உழைத்தவர்களில் கயூம் நாஸிரி (1825–1902) முதன்மையானவர். இலக்கண நூல், அகராதி, பஞ்சாங்கம், சமையல் என்று அவர் தொடாத துறை குறைவு. அவருக்குப் பின் கப்துல்லா துக்காய் (1886–1913) என்னும் கவிஞர், 27 வயதுக்குள் முடிந்த வாழ்நாளில், இன்றைய இலக்கியத் தத்தாருக்கு வடிவம் தந்தார். அவர் பிறந்த ஏப்ரல் 26ஆம் நாள் தத்தார்ஸ்தானில் தாய்மொழி நாளாகக் கொண்டாடப்படுகிறது. தத்தார் மொழியின் முதல் செய்தித்தாளான 'நூர்' 1905இல் வெளிவந்தது, அதுவும் கசானில் அல்ல, செயின்ட் பீட்டர்ஸ்பர்கில்.

1992இன் மொழிச் சட்டமும் அதே ஆண்டின் குடியரசு அரசமைப்பும் ரஷ்யத்துக்கு இணையான இடத்தைத் தத்தாருக்கு வழங்கின. பள்ளிகளில் எல்லா இனக் குழந்தைகளுக்கும் அது கட்டாயப் பாடமாக இருந்தது. 2017இல் அந்தக் கட்டாயம் நீங்கி, பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதலோடு வாரத்துக்கு இரண்டு பாடவேளை என்ற நிலை ஏற்பட்டது. 2018இல் வந்த கூட்டமைப்புச் சட்டம் அதை உறுதியாக்கியது. இளம் மொழிபெயர்ப்பாளர்கள் குறைந்து வருவதற்கு இதையே முதற்காரணமாகப் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அது மறுக்க முடியாததாகவே தோன்றுகிறது.

கிரிமியத் தத்தார் என்பதும் இதுதானா?

இல்லை. பெயர் ஒத்திருப்பதால் வரும் குழப்பம் இது, மொழிபெயர்ப்புப் பணியில் அதிகச் செலவு வைக்கும் குழப்பமும் இதுவே. கிரிமியத் தத்தார் தனி மொழி, தனி வரலாறு உடையது. மொழிகளுக்கான பன்னாட்டுக் குறியீட்டில் வோல்காப் பகுதித் தத்தாருக்கு 'டி-டி' என்றும், கிரிமியத் தத்தாருக்கு 'சி-ஆர்-ஹெச்' என்றும் வெவ்வேறு குறிகள் வழங்கப்பட்டுள்ளன. கிரிமியத் தத்தாரைச் சிரிலிக்கில் எழுதும்போது மேற்சொன்ன சிறப்பெழுத்துகள் வருவதில்லை, ரஷ்ய எழுத்துகளையே இரண்டிரண்டாக இணைத்து எழுதுவார்கள். லத்தீனில் எழுதும்போது அது துருக்கி மொழியைப் போல் காட்சியளிக்கும். மொழிபெயர்ப்புக்கு ஆணையிடும்போது 'தத்தார்' என்று மட்டும் எழுதாமல், 'கசான் தத்தார்' அல்லது 'கிரிமியத் தத்தார்' என்று எழுதுவதே பாதுகாப்பு.

கசான் தத்தாருக்குள்ளும் வட்டார வழக்குகள் உண்டு. கசானைச் சுற்றிய நடு வழக்கு, மேற்கில் மிஷார் வழக்கு ஆகியவற்றைப் பேசுவோர் ஒருவரை ஒருவர் எளிதில் புரிந்துகொள்வர். சைபீரியத் தத்தாரை வழக்கு என்பாரும் தனி மொழி என்பாரும் உளர். எழுத்து ஆவணங்களுக்கு இந்த வேறுபாடு பெரும்பாலும் தடையில்லை. கிராமத்து முதியவர்களின் ஒலிப்பதிவை எழுத்தாக்க வேண்டுமென்றால்தான் அவர் எந்த ஊர்க்காரர் என்பதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

என் குடும்பத்து அல்லது ஆய்வுக்குரிய பழைய தாள் ஒன்று அரபு எழுத்தில் உள்ளது. அதையும் தத்தார் மொழிபெயர்ப்பாளர் படிப்பாரா?

படிப்பார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே நூற்றாண்டில் மூன்று எழுத்துமுறைகளைக் கண்ட மொழி இது. 1920 வரை பழைய அரபு எழுத்துமுறையும், அதன் பிறகு உயிரொலிகளைத் தெளிவாகக் காட்டுமாறு சீர்திருத்திய அரபு எழுத்துமுறையும் வழங்கின. 1927இல் 'யஞாலிஃப்' என்ற லத்தீன் எழுத்துமுறை அரசாணையால் வந்தது. 1939இல் அதுவும் நீக்கப்பட்டுச் சிரிலிக் புகுத்தப்பட்டது. தாத்தா எழுதிய கடிதத்தைப் பேரன் வாசிக்க முடியாத நிலை இதனால் உண்டானது. தத்தார் எழுத்தாளர்கள் பலர் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பேசிவரும் துயரம் அது.

ஆகவே தாளில் ஆண்டு இருந்தால் எழுத்தை ஊகிக்கலாம், எழுத்து தெரிந்தால் ஆண்டை ஊகிக்கலாம். யஞாலிஃபில் அச்சான நூல் என்றால் 1920களின் இறுதிக்கும் 1939க்கும் இடைப்பட்டது என்று கொள்வதில் பிழை நேராது. பழைய அரபு எழுத்து ஆவணங்களுள் மொழிபெயர்ப்புக்கு அதிகமாக வருபவை மசூதிகளின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள். 1788இல் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் காலத்தில் நிறுவப்பட்ட ஓரன்பர்க் முஸ்லிம் ஆன்மிக மன்றத்தின் கீழ், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இமாம்கள் இவற்றை எழுதி வந்தார்கள். வம்சாவளி தேடுவோருக்கு இவை பொக்கிஷம். ஆனால் இவற்றின் கையெழுத்து சுருக்கமாகவும் அவசரமாகவும் இருக்கும், உயிரொலிகள் பாதி விடுபட்டிருக்கும், ஊர்ப் பெயர்கள் இன்று வேறாக வழங்கும். பழைய எழுத்தில் பயிற்சி பெற்ற ஆய்வாளர்தான் இவற்றைப் படிக்க முடியும். அவர் முதலில் இன்றைய சிரிலிக்கில் பெயர்த்து எழுதித் தர, பிறகு மொழிபெயர்ப்பாளர் தம் பணியைத் தொடங்குவார். இரண்டு வேலைகளுக்கும் தனித்தனியே ஊதியம் கேட்பார்கள், கேட்பது முறையே.

இன்று லத்தீன் எழுத்தில் தத்தார் எழுதலாமா?

தனிமனிதர் எழுதலாம், இணையத்தில் சிலர் எழுதியும் வருகிறார்கள். அலுவல் பயன்பாட்டுக்குச் சிரிலிக் மட்டுமே. 1999இல் தத்தார்ஸ்தான் லத்தீனுக்கு மாறச் சட்டம் இயற்றியது. 2002இல் கூட்டமைப்பின் மொழிச் சட்டம் திருத்தப்பட்டு, குடியரசுகளின் அரசு மொழிகள் சிரிலிக்கில்தான் இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2004இல் ரஷ்ய அரசமைப்பு நீதிமன்றம் அந்த விதியை நிலைநிறுத்தியது. உங்கள் நிறுவனத்தின் இணையப் பக்கத்தைத் தத்தாரில் வெளியிடுவதானால் சிரிலிக்கையே கேளுங்கள். துருக்கியிலோ பின்லாந்திலோ உள்ள தத்தார்களை நோக்கிய உரைக்கு மட்டும் லத்தீன் பொருந்தும்.

தத்தாரிலிருந்து தமிழுக்கு நேரடியாக மொழிபெயர்ப்பவர் கிடைப்பாரா?

மிக மிக அரிது. நடைமுறையில் பணி நடப்பது இடைமொழி வழியாகத்தான். வழக்கமான பாதை தத்தாரிலிருந்து ரஷ்யம், ரஷ்யத்திலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து தமிழ் என்று மூன்று படிகளைக் கொண்டது. இதில் ஆங்கிலப் படியை நீக்கிவிட்டு, ரஷ்யத்திலிருந்து நேரே தமிழுக்கு வருவதையே நான் பரிந்துரைப்பேன். சோவியத் காலத்தில் மாஸ்கோப் பதிப்பகங்கள் ரஷ்ய நூல்களைத் தமிழில் வெளியிட்ட மரபு ஒன்று உண்டு; ரஷ்யம் கற்ற தமிழரும் இன்று இருக்கிறார்கள். தத்தார் மொழிபெயர்ப்பாளர்கள் ஏறக்குறைய அனைவரும் ரஷ்யத்தைத் தாய்மொழிக்கு நிகராக அறிந்தவர்கள். கைமாறும் இடங்கள் குறையக் குறையப் பிழைகள் குறையும் என்பது மட்டுமல்ல இதன் காரணம். அடுத்த கேள்விக்கான விடையைப் பாருங்கள்.

இடைமொழி வழியாக வரும்போது எதை இழக்கிறோம்?

தத்தாரும் தமிழும் உறவுடைய மொழிகள் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் தமிழைப் போலவே சொல்லோடு ஈறுகள் ஒட்டி வரும் ஒட்டுநிலை மொழி என்றவுடனேயே உறவு கொண்டாடக் கிளம்புவோர் நம்மிடையே உண்டு. ஆனால் அமைப்பில் இரண்டும் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போகின்றன. இரண்டிலும் வினை வாக்கிய இறுதியில் வரும்; வேற்றுமையை ஈற்றுருபுகள் காட்டும்; அடை முன்னே, பெயர் பின்னே நிற்கும். 'நான் படித்த புத்தகம்' என்பதைத் தத்தாரில் 'மின் உகிகன் கித்தாப்' என்பார்கள். மூன்று சொற்களும் தமிழில் உள்ள அதே வரிசையில் நிற்கின்றன. இரண்டாவது சொல் நம் பெயரெச்சம் செய்யும் வேலையை அப்படியே செய்கிறது. இந்த வாக்கியம் ஆங்கிலத்துக்குப் போய்த் தமிழுக்குத் திரும்பும்போது, நீண்ட தொடராக இருந்தால், முறிந்து இரண்டு மூன்று துண்டுகளாகத்தான் வந்து சேரும்.

உறவுப் பெயர்களில் இழப்பு இன்னும் கண்கூடானது. தத்தாரில் 'அபிய்' அண்ணன், 'எனே' தம்பி, 'ஸெஙெல்' தங்கை. அக்காவைக் குறிக்கும் சொல்லைத் தமிழ் எழுத்து மரபுப்படி 'அப்பா' என்று எழுத வேண்டும், எழுதினால் நம் வாசகர் தந்தை என்றே படிப்பார். ஆகவே அந்தச் சொல்லை ஒலிபெயர்க்காமல் 'அக்கா' என்று மொழிபெயர்ப்பதே வழி. அறிமுகமில்லாத பெரியவரை அண்ணா என்றும் அக்கா என்றும் அழைப்பது தத்தாரிலும் இயல்பான மரியாதை. ஆங்கிலத்தில் மூத்தவர் இளையவர் வேறுபாடு இல்லாமல் 'சகோதரர்' என்று மாறிய சொல்லைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் அண்ணன் என்றோ தம்பி என்றோ ஊகித்து எழுதுவார். சொத்துரிமை ஆவணத்தில் இந்த ஊகம் வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும். அதேபோல் 'சின்', 'செஸ்' என்ற நீ, நீங்கள் வேறுபாடு ரஷ்யத்தில் தப்பிப் பிழைக்கும், ஆங்கிலத்தில் மறைந்துபோகும். ஆங்கிலப் படியை நீக்கச் சொல்வது இதனால்தான்.

ரஷ்யத்தாலும் காப்பாற்ற முடியாத ஒன்று உண்டு. தத்தாரில் இறந்தகாலத்துக்கு இரண்டு வடிவங்கள். 'கில்தே' என்றால் வந்தான் என்று பேசுபவர் உறுதியாகச் சொல்கிறார். 'கில்கேன்' என்றால் வந்தானாம் அல்லது வந்திருக்கிறான். நேரில் காணாமல், பிறர் சொல்லியோ தடயத்தைக் கண்டோ அறிந்தது என்ற சாயல் அதில் உண்டு. எல்லா இடங்களிலும் 'ஆம்' என்று சேர்த்துவிட இயலாது, ஏனெனில் முடிந்த செயலைப் பொதுவாகக் குறிக்கவும் அவ்வடிவம் பயன்படும். ஆனால் ஒரு சாட்சி வாக்குமூலத்தில் பார்த்ததற்கும் கேள்விப்பட்டதற்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ரஷ்யத்தில் இரண்டும் ஒரே இறந்தகாலமாகிவிடுகின்றன. எனவே வாக்குமூலம், வாய்மொழி வரலாறு, நாட்டார் கதை போன்றவற்றுக்கு ரஷ்யப் படியைத் தயாரிப்பவரிடம், இந்த வடிவம் வரும் இடங்களில் ஓரக்குறிப்பு எழுதித் தருமாறு கேளுங்கள்.

மறுபுறம், தத்தாரில் இல்லாததைத் தமிழ் கேட்கும் இடமும் உண்டு. 'உல்' என்ற ஒரே சொல் அவன், அவள், அவர், அது எல்லாவற்றுக்கும் பொது. ரஷ்யப் படியில் பால் வேறுபாடு ஏறிவிடும் என்றாலும் அவன், அவர் என்ற மரியாதை வேறுபாடு ஏறாது. கதையோ வாழ்க்கை வரலாறோ என்றால், பாத்திரங்களின் பட்டியலையும் அவர்களுக்கிடையே உள்ள வயது, உறவு முறைகளையும் முதலிலேயே வாங்கிக்கொள்வது தமிழ் மொழிபெயர்ப்பாளரின் கடமை.

ஆவணங்களில் ஒரே ஆளின் பெயர் இருவிதமாக வருகிறதே?

வரும். தத்தார் பெயர்கள் அலுவல் பதிவில் ரஷ்ய வடிவம் பெறுகின்றன. தந்தை பெயரைத் தத்தார் வடிவத்தில் 'இன்னாரின் மகன்' என்னும் பொருளில் 'உலி' என்றும், மகள் என்னும் பொருளில் 'கிஸி' என்றும் சேர்த்து எழுதுவார்கள். அதே பெயர் ரஷ்யத்தில் 'ஓவிச்', 'ஓவ்னா' என்ற ஈறுகளோடு நிற்கும். ஒலிகளும் மாறும். நாஜிச் சிறையில் கவிதை எழுதி 1944இல் பெர்லினில் கொல்லப்பட்ட கவிஞர் மூஸா ஜலீலின் பெயரில் உள்ள 'ஜ' தத்தாரில் ஒரே எழுத்து. ரஷ்யத்தில் அதற்கு எழுத்து இல்லாததால் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுகிறார்கள். அரபு மூலப் பெயர்களில் தொண்டை ஒலி தத்தாரில் 'க' வகை ஒலியாகிவிட்டதால், நம் ஊர் அப்துல்லா அங்கே கப்துல்லா, அலி அங்கே கலி.

விதி எளிமையானது: கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கோவையே எல்லாவற்றுக்கும் அடிப்படை. சான்றிதழின் மொழிபெயர்ப்பில் அதையே பின்பற்றி, மூலத்தில் வேறு வடிவம் இருந்தால் அடிக்குறிப்பில் தெரிவிக்க வேண்டும். இலக்கியத்திலும் வரலாற்றிலும் இதற்கு நேர்மாறாகத் தத்தார் ஒலிப்பையே பின்பற்றுவது அழகு.

இணையத்தில் உள்ள தானியங்கி மொழிபெயர்ப்பு போதாதா?

உள்ளடக்கம் என்ன என்று தோராயமாக அறியப் போதும். கூகுள் நிறுவனம் 2020 பிப்ரவரியில் தன் மொழிபெயர்ப்புச் சேவையில் தத்தாரைச் சேர்த்தது. ஒடியாவும் அதே அறிவிப்பில்தான் இடம்பெற்றது. ரஷ்ய நிறுவனமான யாண்டெக்ஸின் சேவையிலும் தத்தார் உண்டு. ரஷ்யத்துக்கும் தத்தாருக்கும் இடையே இணையான உரைகள் ஏராளம் என்பதால் அந்தத் திசையில் கருவிகள் நன்றாக இயங்குகின்றன. நேரே தமிழைத் தேர்ந்தெடுத்தால் மேலே விவரித்த அத்தனை இழப்புகளும் ஒருசேர வந்து சேரும், அதுவும் ஓட்டமான தமிழில், ஐயமே எழாதபடி. செய்தி ஒன்றைப் புரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள்; கையொப்பமிடப்போகும் தாளுக்கு வேண்டாம்.

சொல் ஆய்வுக்கு 'துகன் தெல்' என்ற தத்தார் தேசிய உரைத்தொகுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு சொல் இன்றைய எழுத்தில் எப்படி வழங்குகிறது என்பதை அகராதியைவிட அது தெளிவாகக் காட்டும்.

சான்றளித்த மொழிபெயர்ப்பு, அப்போஸ்தில் ஆகியவற்றுக்கு என்ன செய்ய வேண்டும்?

ஓர் ஆவணம் வெளிநாட்டில் உண்மையானதாக ஏற்கப்படுவதற்காக, அதை வழங்கிய நாடு இடும் சான்று முத்திரையே அப்போஸ்தில். இந்தியாவும் ரஷ்யாவும் அதற்கான 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் உறுப்பு நாடுகள். ரஷ்யாவில் வழங்கிய சான்றிதழுக்கு ரஷ்யாவிலேயே அப்போஸ்தில் பெற வேண்டும். இந்தியச் சான்றிதழுக்கு, மாநில அளவிலான சரிபார்ப்புக்குப் பின், வெளியுறவு அமைச்சகத்தின் வழியாகப் பெற வேண்டும். அப்போஸ்திலை முதலில் பெற்று, அதன் பிறகே மொழிபெயர்ப்புக்குக் கொடுங்கள். அப்போஸ்தில் முத்திரையும் மொழிபெயர்க்கப்பட வேண்டிய பகுதி என்பதை மறந்து, இரண்டாம் முறை பணம் கட்டுபவர்கள் அதிகம்.

ரஷ்யாவில் நோட்டரி ஒருவருக்கு அந்த மொழி தெரியாவிட்டால், அவர் சான்றளிப்பது மொழிபெயர்ப்பின் சரித்தன்மைக்கு அல்ல, மொழிபெயர்ப்பாளரின் கையொப்பத்துக்கு மட்டுமே. சில ஐரோப்பிய நாடுகளில் இருப்பது போன்ற அரசுப் பதிவு பெற்ற உறுதிமொழி மொழிபெயர்ப்பாளர் முறை இந்தியாவில் இல்லை. ஆதலால் தாளைப் பெறப்போகும் அலுவலகம் எந்த வடிவத்தை ஏற்கும் என்று முன்னதாகவே எழுத்தில் கேட்டுவிடுவதே சிறந்தது. இந்தியச் சான்றிதழைத் தத்தாரில் மொழிபெயர்க்கும்படி கசானில் யாரும் கேட்பதில்லை; ரஷ்ய மொழிபெயர்ப்பையே கேட்பார்கள்.

கசானில் மருத்துவம் படிக்கச் செல்லும் மாணவர் தத்தார் கற்க வேண்டுமா?

படிப்புக்குத் தேவையில்லை. 1814இல் தொடங்கிய மருத்துவக் கல்வி மரபுடைய அந்நகரில் இந்திய மாணவர்கள் நிறையப் பேர் பயில்கிறார்கள், தமிழ்நாட்டு மாணவர்களும் அவர்களுள் உண்டு. மருத்துவமனையில் நோயாளியோடு பேச ரஷ்யம் இன்றியமையாதது. மெட்ரோ ரயிலில் நிலையப் பெயர்களை ரஷ்யம், தத்தார், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் அறிவிப்பதால் காது தானாகவே பழகிவிடும். வணக்கம், நன்றி என இரண்டு சொற்களைத் தத்தாரில் சொன்னால் முதிய நோயாளிகளின் முகம் மலரும் என்பது வேறு கணக்கு. தமிழ் முஸ்லிம் வீடுகளில் வழங்கும் கிதாபு, துனியா போன்ற சொற்கள் தத்தாரில் சிறிய ஒலி மாற்றத்தோடு அன்றாடச் சொற்களாக இருப்பதும் கற்பவருக்கு உதவும்.

வணிகச் சந்திப்புக்குத் தத்தார் உரைபெயர்ப்பாளர் வேண்டுமா?

ரஷ்ய உரைபெயர்ப்பாளர் போதும். தத்தார் பேசுவோர் ரஷ்யத்தில் தடையின்றி உரையாடுவார்கள். ஒப்பந்தமும் ரஷ்யத்தில்தான் இருக்கும். கிராமப்புறக் களஆய்வு, முதியோர் நேர்காணல், சமய நிகழ்ச்சி, உள்ளூர் விளம்பரம், பொருள்களின் உறைகளில் அச்சிடும் வாசகம் ஆகியவற்றுக்குத் தத்தார் தெரிந்தவர் அவசியம். நீதிமன்றத்தில் தம் தாய்மொழியில் பேசவும் மொழிபெயர்ப்பாளரைப் பெறவும் ரஷ்யச் சட்டம் உரிமை அளிக்கிறது.

உணவு, விழா ஆகியவற்றின் பெயர்களை மொழிபெயர்க்க வேண்டுமா?

வேண்டாம். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் திணித்து முக்கோணமாகச் சுட்ட 'எச்போச்மக்' என்ற பண்டத்தின் பெயருக்கே மூன்று மூலை என்றுதான் பொருள். அதைத் தமிழில் 'முக்கோணம்' என்று எழுதினால் உணவுப் பட்டியலில் கணிதம் புகுந்துவிடும். சமோசா என்றால் வேறு பண்டமாகிவிடும். தேனில் பிணைத்த இனிப்பான 'சக்-சக்', உழவு முடிந்தபின் கோடையில் வரும் 'ஸபன்துய்' விழா ஆகியவற்றையும் ஒலிபெயர்த்து, முதன்முறை வரும் இடத்தில் ஒரு தொடரால் விளக்கினால் போதும்.

கட்டணத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? கோப்பை எப்படி அனுப்புவது?

ரஷ்யச் சந்தையில் இடைவெளிகள் உட்பட 1,800 எழுத்துகள் கொண்டது ஒரு மொழிபெயர்ப்புப் பக்கம். இந்தியாவில் சொல் கணக்கு வழக்கம். தத்தாரிலும் தமிழிலும் ஈறுகள் ஒட்டிச் சொற்கள் நீளும் என்பதால், ஆங்கிலத்தில் பத்துச் சொற்களாக இருப்பது இவ்விரண்டிலும் ஆறு ஏழு சொற்களில் அடங்கிவிடலாம். ஆகவே மூல மொழியின் சொற்களை எண்ணுவதா, இலக்கு மொழியின் சொற்களை எண்ணுவதா என்று பேசி முடிக்காமல் விலையை ஒப்பிடுவது வீண். எழுத்துக் கணக்கே இருதரப்புக்கும் நியாயமானது என்பது என் கருத்து.

கோப்பைத் திருத்தக்கூடிய வடிவில் அனுப்புங்கள். யூனிகோடு எழுத்துருவில் இருப்பது நல்லது. பழைய கணினிக் கோப்புகளில் ஆறு சிறப்பெழுத்துகளும் சிதைந்து கேள்விக்குறிகளாகவோ கட்டங்களாகவோ தோன்றும். ரஷ்ய விசைப்பலகையில் தட்டிய குறுஞ்செய்திகளில் அவற்றுக்குப் பதிலாக அருகிலுள்ள ரஷ்ய எழுத்துகளே இருக்கும். அவை தத்தார் அறிந்தவருக்குப் புரியும், கருவிகளுக்குப் பெரும்பாலும் புரியாது. தாளின் ஒளிப்படம் மட்டுமே இருந்தால், முத்திரைகளும் ஓரக் கையெழுத்துகளும் தெரியும்படி நான்கு மூலைகளையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்புங்கள். இரு மொழித் தாளாயின் இரண்டு பக்கங்களையும் அனுப்புங்கள். ஒன்றில் மங்கிப்போன பெயரை மற்றொன்றைக் கொண்டு உறுதி செய்துகொள்ள முடியும்.